பனங்காட்டு ஜின்னும் மேரிலாந்துக் காடும்

திரைப்படம் பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும் என் வழக்கமன்று. எழுபத்தேழு வயதைக் கடந்தபின், அதுவும் ஒரு பேய்ப் படத்தைப் பற்றி, நான் பேனா எடுக்க நேர்ந்ததற்கு என் பேரன் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் என் மகன் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் அவன் குடும்பத்துடன் வசித்து வருகிறான். தலைநகரான வாஷிங்டனுக்கு வடமேற்கே, காரில் ஒரு மணி நேரத்திற்குள் போய்விடலாம். நம்மவர்களும் அவ்வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். வீட்டின் பின்புறம் புல்தரை. அதற்கப்பால் உயர்ந்த மரங்கள். காலையில் பஜ்ரு தொழுதுவிட்டுச் சன்னலருகே அமர்ந்தால் மான்கள் வந்து புல் மேய்வதைக் காணலாம்.

பேரனுக்கு அப்போது வயது 13. என்னை "அப்பா" என்று அழைப்பான். எங்கள் கடற்கரைப் பக்கத்தில் வாப்பாவைப் பெற்றவரை அவ்வாறு அழைப்பதே வழக்கம். கடல் கடந்து பிறந்த பிள்ளை என்றாலும் மருமகள் அந்த வழக்கத்தை விடாமல் பழக்கியிருந்தாள்.

அக்டோபர் பிறந்ததும் அந்த ஊரின் முகம் மாறியது. மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் நாளுக்காக வீட்டு வாசல்தோறும் பூசணிக்காயில் கண்ணும் வாயும் குடைந்து வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் மரங்களில் தொங்கின. அச்சத்தையே ஒரு விளையாட்டுப் பொருளாக்கிக் கடைகளில் விற்றார்கள். எனக்கு அது விந்தையாக இருந்ததே தவிர, அதைப் பற்றி அதிகம் எண்ணவில்லை.

ஒரு நாள் இரவு தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்தேன். பேரனின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டிலில் சுவரோடு சுவராக அமர்ந்திருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"என்னம்மா, தூங்கவில்லையா?" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "அப்பா, கழிவறைவரை என்னோடு வருகிறீர்களா?" என்று கேட்டான்.

கழிவறை பத்தடி தூரத்தில் இருந்தது. அவன் என் தோளுயரம் வளர்ந்த பிள்ளை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடன் சென்று வாசலில் நின்றேன். திரும்பி வந்தபின் விவரத்தைச் சொன்னான்.

முந்திய வாரம் நண்பன் ஒருவன் வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து ஒரு படம் பார்த்திருக்கிறார்கள். பெயர், 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'. மூன்று மாணவர்கள் ஒரு சூனியக்காரியைப் பற்றிய செய்திப்படம் எடுக்கக் காட்டிற்குள் செல்கிறார்கள்; திரும்பவில்லை. ஓராண்டுக்குப்பின் அவர்கள் எடுத்த படச்சுருள்கள் மட்டும் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்ததே இந்தப் படம் என்று அதன் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுகிறார்களாம்.

"படம்தானே?" என்றேன்.

"இல்லை அப்பா. உண்மையாக நடந்ததாம். என் நண்பனின் மூத்த சகோதரன் சத்தியம் செய்தான். அந்தக் காடு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் வீட்டிலிருந்து பத்து நிமிடம்."

சொல்லிவிட்டு, பின்புறத்து மரங்கள் தெரியும் சன்னலின் திரையை இழுத்து மூடினான்.

மறுநாள் காலை இதை என் மகனிடம் சொன்னேன். என் மகன் சாந்த குணமுடையவன். அவன் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று மேசைமீது தேநீர்க் கோப்பையை அவன் வைத்த வேகத்தில் தேநீர் தளும்பிச் சிந்தியது.

"கதை என்று சொல்லிப் பயமுறுத்தினால் பிள்ளை இரண்டு நாளில் மறந்துவிடும். நடந்தது என்று சத்தியம் செய்து ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்றான். என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு காரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டான்.

அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

*

அச்சத்திற்கு மருந்து அதை நேரில் பார்ப்பதே என்று எண்ணினேன். மருமகளிடம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ளுஹர் தொழுகைக்குப்பின், நல்ல வெளிச்சத்தில், பேரனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ எண்பது நிமிடப் படம். அதில் வசவுச் சொற்கள் மிகுதி. அவை வரும்போதெல்லாம் பேரன் வெட்கப்பட்டு ஒலியைக் குறைத்தான். பிறகு கூட்ட மறந்துவிடுவான். ஆகவே பாதிப் படத்தை நான் ஊமைப் படமாகவே பார்த்தேன். வீட்டில் அனைவரும் அமர்ந்து பார்க்கத்தக்க படம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பேய்ப் படம் என்றதும் கோரைப் பல்லும் வெள்ளைச் சேலையும் வரும் என்று எதிர்பார்த்தேன். இதில் அந்தச் சூனியக்காரி ஒரு முறைகூடத் தோன்றுவதில்லை. இலையுதிர் காலத்து மொட்டை மரங்கள், காலடியில் நொறுங்கும் சருகுகள், இரவில் தொலைவில் கேட்கும் ஏதோ ஓசை, காலையில் எழுந்தால் கூடாரத்தருகே யாரோ குவித்துவைத்த கற்கள், மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட மனித உருவம்போன்ற குச்சிகள், இவ்வளவே காட்டுகிறார்கள். மற்றதைப் பார்ப்பவனின் மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

எனக்கு நெஞ்சில் தைத்த இடம் வேறு. மூவரில் ஒருவன் பொறுமையிழந்து, வழிகாட்டும் வரைபடத்தை ஓடையில் உதைத்துத் தள்ளிவிடுகிறான். அதன்பின் நாள் முழுதும் திசைகாட்டியை நம்பித் தெற்கு நோக்கியே நடக்கிறார்கள். மாலையில் பார்த்தால் புறப்பட்ட இடத்திற்கே வந்து நிற்கிறார்கள். அந்நேரம் அவர்களுக்கிடையில் எழும் பழிச்சொல் இருக்கிறதே, அது எந்தப் பேயையும்விடக் கொடியது. பசியும் குளிரும் வழி தப்பிய கலக்கமும் சேர்ந்தால், நேற்றுவரை நண்பர்களாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் என்ன செய்துகொள்வார்கள் என்பதை அந்தப் படம் உள்ளபடி காட்டுகிறது.

படம் முடிந்தபின் பேரனும் நானும் அது உருவான விதத்தைத் தேடிப் படித்தோம். நான் கேட்பேன், அவன் கணினியில் தேடித் தமிழில் சொல்வான். தமிழ் தட்டுப்பட்ட இடங்களில் கையால் பேசினான்.

டேனியல் மைரிக், எட்வர்டோ சான்செஸ் என்னும் இரு இளைஞர்கள் அதன் இயக்குநர்கள். ஃபுளோரிடாவில் திரைக்கலை பயின்றவர்கள். 1997ஆம் ஆண்டு அக்டோபரில் எட்டே நாட்களில் படத்தை எடுத்தார்கள். பெரும்பகுதி எடுக்கப்பட்டது செனிக்கா கிரீக் மாநிலப் பூங்காக் காட்டில். பேரன் சொன்ன பத்து நிமிடக் காடு அதுதான். ஹெதர் டொனஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜாஷுவா லெனர்ட் என்னும் மூன்று நடிகர்களும் தங்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். படக்கருவியைத் தூக்கிப் படம் பிடித்தவர்களும் அவர்களே. எழுதி வைத்த வசனம் இல்லை. அன்றன்று என்ன செய்ய வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி, சிறு டப்பாவில் போட்டு, காட்டில் குறித்த இடத்தில் வைத்துவிடுவார்களாம். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. எந்த இடத்தில் டப்பா இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி காட்டும். நாளாக நாளாக அவர்களுக்குத் தரும் உணவைக் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். நள்ளிரவில் இயக்குநர்களே வந்து கூடாரத்தை உலுக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் சிரிக்கும் ஒலிநாடாவை இருட்டில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

"அப்படியானால் கூடாரத்தைக் குலுக்கியது இயக்குநரா?" என்று பேரன் கேட்டான். அவன் முகத்தில் அன்றுதான் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

இதுவரை இருப்பது தொழில் திறமை. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. குறை அதன்பின் வருகிறது. படம் 1999 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, மூவரையும் காணவில்லை என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். ஓர் இணையதளம் தொடங்கி, போலிக் காவல்துறை அறிக்கைகளையும் சூனியக்காரியின் போலி வரலாற்றையும் அதில் வெளியிட்டார்கள். அந்நாளில் இணையம் மக்களுக்குப் புதிது. எழுத்தில் கண்டதை நம்பினார்கள். சில பத்தாயிரம் டாலரில் படமாக்கப்பட்ட கதை, அவ்வாண்டு ஜூலையில் திரையரங்குகளுக்கு வந்து, உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது.

உயிரோடு இருக்கும் மூன்று பேரை இறந்தவர்களாக்கி ஈட்டிய பணம் அது. படத்தில் நடித்த பெண்ணின் தாயாருக்கு, மகளை இழந்தமைக்காக அனுதாபக் கடிதங்கள் வந்தனவாம். அந்தத் தாய் அவற்றைப் பிரிக்கும்போது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணினேன். மகள் உயிருடன் இருக்கிறாள். ஆயினும் முன்பின் அறியாத ஒருவர் அவள் இறப்புக்கு வருந்தி எழுதியிருக்கிறார். நடிகர்களும் தாங்கள் வாழ்கிறோம் என்பதைக்கூட அப்போது வெளிப்படையாகச் சொல்ல முடியாத நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2024 ஏப்ரலில், படத்தின் இன்றைய உரிமையாளரான நிறுவனத்திற்கு அம்மூவரும் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். தங்கள் பெயரும் முகமும் கொண்டு ஈட்டிய வருவாயில் தங்களுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்பது அதன் சாரம்.

கதை நடப்பதாகச் சொல்லப்பட்ட பர்க்கிட்ஸ்வில் என்னும் ஊர் உண்மையானது. இருநூறு பேர்கூட இல்லாத சிற்றூர். சூனியக்காரியைத் தேடி ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஊர்ப் பெயர்ப்பலகையைக்கூடத் திருடிச் சென்றார்கள். அந்த ஊருக்கு உண்மையான வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 14 அன்று, அதன் அருகேயுள்ள மலைக் கணவாயில் பெரும் சண்டை நடந்தது. காயம்பட்ட வீரர்களைக் கொண்டுவந்து ஊரின் தேவாலயங்களிலே கிடத்தி மருத்துவம் செய்தார்கள். மெய்யாகவே இரத்தம் சிந்திய மண் அது. அதை விசாரிக்க வந்தவர்களைவிட, இல்லாத சூனியக்காரியை விசாரித்து வந்தவர்கள் அந்த ஆண்டில் மிகுதியாக இருந்திருப்பார்கள்.

*

அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அந்தக் காட்டிற்கே போவது என்று முடிவு செய்தோம். பேரன் முதலில் தயங்கினான். நான் வருகிறேன் என்றதும் சம்மதித்தான். மகன் கார் ஓட்டினான். வழியெல்லாம் அதிகம் பேசவில்லை.

செனிக்கா ஓடையின் இருபுறமும் நீண்டு கிடக்கிறது அந்தக் காடு. 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. ஓக் மரங்களும் பீச் மரங்களும் ஓடைக்கரையில் வெண்ணிறக் கிளைகளுடன் சிக்கமோர் மரங்களும் நின்றன. இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக உதிர்ந்துகொண்டிருந்தன. படத்தில் கண்ட காடா இது என்று எனக்கு வியப்பாக இருந்தது. நாயுடன் நடந்த ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்துப் புன்னகைத்து வணக்கம் சொன்னார். நடைபாதையில் சிறிது தூரத்திற்கொரு மரத்தில் வண்ணப்பட்டை தீட்டியிருந்தார்கள். அதைப் பின்பற்றி நடப்பவன் வழி தவற மாட்டான்.

"படத்தில் இந்தப் பட்டைகளைக் காட்டவே இல்லையே!" என்றான் பேரன்.

"காட்டினால் யார் பயப்படுவார்கள்?" என்றேன்.

அவன் துணிவு பெற்று இருபதடி முன்னால் நடக்கத் தொடங்கினான். திடீரென்று புதர் அசைந்தது. அவன் உறைந்து நின்றான். ஒரு மான் துள்ளி எழுந்து வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு ஓடியது. "பின்கட்டுக்கு வரும் மான்தான்!" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்நேரம் காற்று எழுந்தது. மரங்களின் உச்சியில் உலர்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. என் மகன் நடையை நிறுத்திவிட்டான்.

"வாப்பா, இந்தச் சத்தம் நம் ஊர்ப் பனங்காட்டுச் சத்தத்தைப் போல இல்லை?" என்றான்.

இருந்தது. இரவில் காய்ந்த பனையோலைகள் உரசும் ஓசையும் அப்படித்தான் இருக்கும்.

"அந்தப் பனங்காட்டில் வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு ஜின் இருக்கிறது என்று சொன்னீர்கள். உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

நினைவிருந்தது. எங்கள் தெருவின் கோடியில் அந்தப் பனங்காடு தொடங்கும். அதன் நடுவே கைப்பிடிச் சுவர் இடிந்த பாழுங்கிணறு ஒன்று இருந்தது. துறுதுறுவென்று திரியும் பிள்ளை. அங்கே போய் விழுந்துவிடுவானோ என்று எனக்கும் அவன் உம்மாவுக்கும் ஓயாத கவலை. கிணறு இருக்கிறது, போகாதே என்றால் பிள்ளை எட்டிப் பார்க்கத்தான் போவான் என்று எண்ணினேன். ஆகவே ஜின் இருக்கிறது என்றேன். நம்பும்படி இருக்கட்டும் என்று, என் கண்ணாலேயே கண்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதன்பின் அவன் பனங்காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நம் யுக்தி பலித்தது என்று நான் மகிழ்ந்தேன்.

"வாப்பும்மா மவுத்தான இரவு..." என்று தொடங்கி, அவன் நிறுத்தினான்.

1981ஆம் ஆண்டு அது. என் தாயாருக்கு இஷாவுக்குப்பின் திடீரென்று மூச்சுத் திணறல் கண்டது. வீட்டில் தொலைபேசி இல்லை. நான் தாயாரைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் உம்மா வெந்நீர் வைக்க ஓடினாள். ஒன்பது வயதுப் பிள்ளையை அழைத்து, "டாக்டர் வீட்டிற்கு ஓடு. பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் போ, சீக்கிரம் போய்விடலாம்" என்றேன். அந்தப் பாதையில் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். கடைத்தெருவைச் சுற்றிப் போனால் இருபது நிமிடத்திற்கு மேலாகும்.

நான் சொன்ன பொய்யை நான் மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை.

"பனங்காட்டு முனைவரை ஓடினேன் வாப்பா. ஓலை சரசரவென்றது. கால் வரவில்லை. குல்ஹுவல்லாஹு ஓதிப் பார்த்தேன். அப்படியும் கால் வரவில்லை. அழுதுகொண்டே கடைத்தெரு வழியாக ஓடினேன். டாக்டரைக் கூட்டிக்கொண்டு வரும்போது வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்து, 'எங்கே விளையாடிக்கொண்டிருந்தாய்?' என்று கேட்டீர்கள்."

நான் கேட்டது உண்மை. அத்தனை பேர் முன்னிலையில் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பிள்ளை தவற்றை உணர்ந்து நிற்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு அடக்கம், ஃபாத்திஹா என்று நாட்கள் ஓடின. அந்தப் பேச்சை நான் திரும்ப எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள்.

"நான் அந்தப் பாதையில் போயிருந்தால் வாப்பும்மா பிழைத்திருப்பார்கள் என்று இன்றுவரை நினைக்கிறேன்" என்றான் என் மகன். ஐம்பத்திரண்டு வயதானவன், மரத்தின்மீது கை வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

எனக்கு நிற்க முடியவில்லை. கீழே விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மீது அமர்ந்தேன். அவன் அறியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவே டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இது மாரடைப்பு. நான் பக்கத்து அறையில் இருந்திருந்தாலும் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று சொன்னார். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அந்த ஆறுதல் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதை அந்தக் காட்டில் வைத்து அவனிடம் சொன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். பிறகு, "நான் கண்ணால் கண்டேன் என்று சொன்னது பொய். அங்கே நான் எதையும் காணவில்லை. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு என் அருகில் வந்து அமர்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "முன்பே சொல்லியிருக்கலாமே வாப்பா" என்றான். எதைச் சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. இரண்டையும்தான்.

பேரன் திரும்பி வந்து எங்கள் முன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

"அப்பா, அந்தப் பனங்காட்டில் ஜின் இருந்ததா, இல்லையா?"

"கிணறுதான் இருந்தது" என்றேன்.

சூரியன் மறைந்ததும் அந்தப் பூங்காவை மூடிவிடுவார்கள். விரைந்து நடந்து கார் நிறுத்துமிடத்திற்கு வந்தோம். மஃக்ரிபு வக்து வந்துவிட்டது. ஓரத்துப் புல்தரையில் விரிப்பை விரித்தோம். பேரன் இகாமத் சொல்ல, மகன் முன்னின்று தொழவைத்தான். எங்களுக்குப் பின்னால் காடு இருண்டுகொண்டிருந்தது. ஸலாம் கொடுத்தபின் பேரன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு நிதானமாக விரிப்பை மடித்தான்.

அன்று இரவு அவன் விளக்கை அணைத்துவிட்டே படுத்தான். அறைக் கதவை மட்டும் சற்றுத் திறந்து வைக்கச் சொன்னான். அது போதும் என்று எனக்குப் பட்டது.

*

ஜனவரியில் ஊர் திரும்பியதும் பனங்காட்டைப் பார்க்கப் போனேன். பனைகளில் பாதி இல்லை. மனைகளாகப் பிரித்து வீடுகள் எழுந்துவிட்டன. கிணற்றை எப்போதோ மண்ணிட்டு நிரப்பிவிட்டார்கள். எந்த இடத்தில் இருந்தது என்பதைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே மகனைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொன்னேன். "எந்த வீட்டுக்குக் கீழே இருக்கிறதோ, பாவம்!" என்று சொல்லிச் சிரித்தான். அவன் அந்த இடத்தைப் பற்றிப் பேசிச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

அன்புச் சகோதர சகோதரிகளே! ஜின் என்னும் படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கையைச் சேர்ந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்ன தோப்பில், இன்ன தலைப்பாகையோடு இருக்கிறது, நான் கண்டேன் என்று சொன்னேனே, அது என் வாயிலிருந்து வந்த பொய். மறைவானதை நம்புவது வேறு. அதைக் காவல்காரனாக்கிப் பிள்ளையை அடக்குவது வேறு. கையில் ஏதோ தருவதாகச் சொல்லித் தன் பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் சொல்ல, கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று உணர்த்தினார்கள். அந்தச் செய்தியை நான் ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு பேரீச்சம்பழத்திற்கே கணக்கு உண்டென்றால், ஒரு பிள்ளையின் நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு என்ன கணக்கு?

பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். பயங்கரக் கதையும் சொல்லலாம். அவர்களுக்கு அது பிடிக்கும். முடித்தபின், இது கதை என்று சொல்லிவிடுங்கள். கிணறு இருந்தால், கிணறு இருக்கிறது என்று சொல்லி, கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஒரு முறை காட்டிவிடுங்கள். முன்பு எப்போதாவது ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு இன்று நரை விழுந்திருந்தாலும் பாதகமில்லை. இன்று மாலையே அழைத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அந்த வாய்ப்பைத் தந்த இறைவனுக்கே புகழ் அனைத்தும். உங்களுக்கும் அவன் அதைத் தருவானாக. ஆமீன்.